செவலையின் குறட்டை

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த நாட்டில் மிருக வைத்தியர்களைப் பதிவு செய்யும் சபை அனுப்பியது. நான் என்றைக்கோ தேறியிருந்த எழுத்துத் தேர்வு இந்த மாதத்தோடு செல்லாமல் போகிறதாம். விருப்பம் இருந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதலாமாம். கடைசியில், எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வேறு. ஒன்றைக்கூட அழுத்தாமல் மூடி வைத்தேன்.

நியூசிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே வயலும் தென்னையும் உள்ள ஒரு கிராமத்திலிருந்து மிருக வைத்தியம் படித்து, ஒட்டுண்ணி இயலில் மேல்படிப்பும் முடித்து, மூன்று வருடம் ஊர் ஊராய் மாடு பார்த்துவிட்டு, கணவரின் வேலைக்காக இங்கே வந்தவள் நான். ஊரில் 'டாக்டரம்மா'. இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

என் வேலையைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து அதில் உள்ள குடற்புழு முட்டைகளை எண்ணுகிறேன். பண்ணைக்காரர்கள் சின்னச் சின்ன டப்பாக்களில் அனுப்புவார்கள். எடை போட்டு, உப்புக் கரைசலில் கலக்கி, கட்டம் போட்ட கண்ணாடியில் ஊற்றினால் முட்டைகள் மேலே மிதந்து வரும். மைக்ராஸ்கோப்பில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இலையுதிர் காலம் வந்தால் புழுக்கைக்குப் பதிலாகப் புல் வரும். காய்ந்த புல்லின் அடியில் ஒரு பூஞ்சை வளர்கிறது. அதன் வித்துகளைத் தின்ற ஆட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் முகத்துத் தோல் வெந்துபோகும். அந்த வித்துகளையும் நான்தான் எண்ணுகிறேன்.

எண்ணலாம், ஆனால் சொல்லக் கூடாது. அதுதான் இங்கே சட்டம். எண்ணிக்கையை எழுதலாம், இது இன்ன நோய், இன்ன மருந்து கொடு என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. பண்ணைக்காரர் யாராவது போன் செய்து, இத்தனை முட்டை இருக்கிறதே என்ன செய்வது என்று கேட்டால், "உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த வைத்தியர் போன வருடம் கல்லூரியை முடித்த பிள்ளையாக இருப்பார். அவர் எங்கள் கூடத்துக்கே போன் செய்து, முட்டையின் வடிவம் எப்படி இருந்தது என்று என்னிடம் விசாரிப்பார். நான் சொல்வேன். அதை அவர் பண்ணைக்காரரிடம் சொல்வார். இந்தச் சுற்றுவழி எதற்கு என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மனசுக்குள்.

2

தேர்வுக்கு விண்ணப்பிக்கவே ஒன்றரை வருடம் ஆனது. என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு இன்ஷியல். கடவுச்சீட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் பெயர் முழுசாக நிற்கிறது. இரண்டு பெயரும் ஒருத்தியுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அண்ணன் வில்லேஜ் ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தார். அபேட்சை என்கிற விண்ணப்பம் மலையாளத்தில் இருக்க வேண்டும், அண்ணனுக்கோ மலையாளம் பேசத்தான் வரும், எழுத வராது. யாரையோ பிடித்து எழுதி வாங்கி அனுப்பினால், மலையாளச் சான்றிதழை அங்கீகாரம் பெற்றவர் மொழிபெயர்க்க வேண்டும் என்று இங்கே திருப்பினார்கள். உங்கள் தாய்மொழி மலையாளம்தானே, நீங்களே படித்துச் சொல்லக் கூடாதா என்று அலுவலகத்துப் பெண் கேட்டாள். தமிழ் என்றேன். அப்படியானால் ஏன் கேரளம் என்றாள். பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்தை அவளுக்கு விளக்குவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

எழுத்துத் தேர்வு முதல் தடவையே தேறிவிட்டேன். செய்முறைத் தேர்வில்தான் விழுந்தேன், அதுவும் எதில் என்று கேட்டால் உங்களுக்கே எரிச்சல் வரும். மாட்டைக் கையாள்வதில் இல்லை, அறுவையில் இல்லை. பேச்சில்.

ஓர் அறையில் நடிகை ஒருத்தியை நாயின் சொந்தக்காரியாக உட்கார வைத்திருந்தார்கள். நாய் இல்லை, புகைப்படம் மட்டும். வட்டம் வட்டமாக முடி உதிர்ந்த படம். அவள் வாயைத் திறந்து தன் வீடு மாறியது பற்றி ஏதோ ஆரம்பித்தாள். நான் படத்தைப் பார்த்தவுடனே, இது தோல் பூஞ்சை, இன்ன மருந்து, இத்தனை வாரம் என்று சொல்லிவிட்டேன். நோய் சரி, மருந்தும் சரி. ஆனாலும் விழுந்தேன். காரணம் கேட்டு எழுதியதற்கு ஒரே ஒரு வரி பதில் வந்தது: சொந்தக்காரர் பேசி முடிப்பதற்குள் இவர் மருந்து சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்த வரியை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் புலம்பியிருப்பேன் என்று கணக்கில்லை. யாரிடம் போய் யார் சொல்வது? எங்கள் சித்தூர்ப் பக்கத்து விவசாயியிடம் மாட்டின் கதையைக் கேட்டு வாங்குவது லேசான காரியமா? எங்கள் ஆட்கள் எதற்கு வந்தார்களோ அதை முதலில் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் மரியாதைக் குறைவு. முதலில் நீங்கள் சாப்பிட்டாயிற்றா, அப்பா சௌக்கியமா, ஆளியாற்றுத் தண்ணீர் வந்ததா, மழை எப்படி என்று ஒரு சுற்று வருவார்கள். பிறகு தங்கள் வீட்டுக் கதை. எல்லாம் முடிந்து, எழுந்து செருப்பை மாட்டும்போது, "அப்பறமுங்க, அந்த எருமை நாலு நாளாத் தீனி எடுக்க மாட்டீங்குதுங்க" என்பார்கள். அதற்காகத்தான் நாலு மைல் சைக்கிள் மிதித்து வந்திருப்பார்கள். செருப்பு மாட்டும்வரை காத்திருக்கப் பழகியவள் நான். எனக்கா கேட்கத் தெரியாது?

3

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம், கூப்பிடும்போது நங்கையா. என் நங்கையின் பெயர் தெய்வானை. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வயலை அண்ணன் பார்க்கிறார், மாடுகள் முழுக்க நங்கையின் பொறுப்பு. காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, கட்டுத்தறையில் சாணி வழித்துக்கொண்டே எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். அங்கே விடிகிற நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு செய்தியும் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் நீளும். பின்னால் சாணிக்கூடை வைக்கும் சத்தம், காகம், பஸ் ஹாரன் எல்லாம் கேட்கும்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான். அதில் ஏழு நிமிடம் பெரிய விஷயம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவதிப்படுவதை ஒரு விடுமுறை நாளில் என் மகள் பார்த்தாள். பதின்மூன்று வயது. நாலு வயதில் இங்கே வந்தவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அத்தை ஏன் நேராக விஷயத்துக்கு வருவதில்லை என்று கேட்டாள். பிறகு என் போனை வாங்கி, வேகத்தைக் கூட்டும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தாள். இரண்டு மடங்கு வேகத்தில் நங்கை கீச்சுக்குரலில் பேசினார். மகள் சிரித்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

அப்படியே பழகிவிட்டது. முதல் ஒன்றரை நிமிடத்தை வேகமாக ஓடவிட்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டால் நிறுத்திவிடுவேன். மிச்சத்தைச் சாவகாசமாகக் கேட்கலாம் என்று நினைப்பேன். சாவகாசம் வந்ததில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் நங்கையிடமிருந்து ஏழு நிமிடச் செய்தியும், கூடவே ஒரு சின்ன வீடியோவும் வந்தன. வீடியோவில் செவலை நின்றது. தலையைத் தாழ்த்திக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் கொர் கொர் என்று சத்தம்.

செவலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் பிறந்தது. முன்னங்கால் மடங்கி உள்ளேயே சிக்கியிருந்த கன்றைக் கைவிட்டுத் திருப்பி இழுத்தது நான்தான். டாக்டர் என்ற பெயரில் என் கை செய்த கடைசி வேலை அது. ஐந்து ஈற்று ஈன்ற மாடு, நங்கையின் சொசைட்டிப் பாலில் பாதி அதன் மடியிலிருந்துதான் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குள் இருந்த டாக்டர் துள்ளி எழுந்தாள். குறட்டை நோய்! வயல் தண்ணீரில் இருக்கும் நத்தையிலிருந்து ஒரு புழு வெளியே வந்து, தண்ணீரில் இறங்கும் மாட்டின் தோல் வழியாக நுழைந்து, மூக்கு ரத்தக் குழாயில் குடியேறும். மூக்கு தடித்து மாடு குறட்டை விடும். என் மேல்படிப்பு ஆராய்ச்சியே அதுதான். ஒரு வருடம் முழுக்கச் சித்தூர்ப் பக்கத்து மாடுகளுக்கு மூக்குச் சளி எடுத்துத் திரிந்திருக்கிறேன். அரிவாள் மாதிரி வளைந்த அந்த முட்டையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். இந்த நாட்டில் அந்தப் புழுவை நேரில் பார்த்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பார்த்தவளோ ஆட்டு முட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

வழக்கம்போல முதல் ஒன்றரை நிமிடம் செய்தியை ஓடவிட்டேன். சாப்பிட்டாயா, மழை, ஆற்றில் தண்ணீர். நிறுத்தினேன். புழுதான், இன்ன ஊசி, வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரம் என்று டைப் செய்து அனுப்பினேன். இங்கே ஒரு வார்த்தை பேச எனக்கு உரிமை கிடையாது. அங்கே பேசுவதை யார் தடுக்க முடியும் என்று இருந்தது. ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

மறுநாள் நங்கை ஒரே வரியில் கேட்டார். மிருகாஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் பெண், மூக்குக்குள் சரியாகப் பார்க்க வேண்டும், திருச்சூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நல்லது என்று சொல்கிறாராம். போகட்டுமா? மழையில் மாட்டை வண்டியேற்றி அலைக்கழிக்க வேண்டாம், நான் சொன்ன ஊசியையே போடச் சொல்லுங்கள் என்று எழுதினேன். எங்கள் நாத்தனார் வெளிநாட்டில் டாக்டர் என்று நங்கை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அதற்குமேல் பேசவில்லையாம்.

4

மூன்று ஊசியும் போட்டார்கள். குறட்டை நிற்கவில்லை. செவலை வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. தீனியைத் தின்றால் மூச்சு முட்டியது, மூச்சு விட்டால் தின்ன முடியவில்லை. பால் வற்றியது. இன்னும் ஒரு ஊசி என்றேன். நாலாவது ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் நங்கையிடமிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டார்.

"குடுத்துப் போட்டேன் அம்முணி. வண்டிக்காரன் வந்தான், ஏத்தி உட்டாச்சு. கட்டுத்தறையிலயே கெடந்து அது மூச்சு முட்டிச் சாகறதைப் பாக்க என்னால ஆவாது."

மாட்டை எங்கே கொண்டுபோவார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வந்தது துக்கமா கோபமா என்று கேட்டால் கோபம்தான். மருந்து போலியாக இருக்கும். அந்தப் பெண் அளவைக் குறைத்துப் போட்டிருப்பாள். வாரக் கணக்கைத் தவற விட்டிருப்பாள். என் நோய்க் கணிப்பு தப்பாக முடியாது. அந்த டாக்டருக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதி உலுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குத் தேதி வேண்டும். எந்த நாளில் குறட்டை ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும். சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டே, ஜூலைச் செய்தியை முதல் தடவையாக அதன் சொந்த வேகத்தில் முழுசாக ஓடவிட்டேன்.

சாப்பிட்டாயா, மழை, ஆற்றில் தண்ணீர். மூன்றாவது நிமிடத்தில் நங்கையின் குரல் இறங்கியது. அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாராம். தினமும் பால் ஊற்றிவிட்டு அம்மா ஊருக்கு பஸ் ஏறிப் போய், மத்தியானம் கறவைக்குத் திரும்பி வருகிறாராம். பிறகு சாணிக்கூடையைக் கீழே வைக்கும் சத்தம். அதற்குப் பிறகு, ஆறு நிமிடத்தையும் தாண்டி, செருப்பு மாட்டுகிற இடத்தில்:

"அப்பறம் அம்முணி, வீடியோவுல தெரியுதோ என்னமோ, செவலைக்கு ஒரு பக்கந்தான் அடைப்பு. வலது மூக்குல காத்து நல்லா வருது. எடது மூக்குக்குள்ளாற செவசெவன்னு பூவாட்டம் ஒண்ணு தொங்குது. மேல ரவையத் தூவுனாப்பல வெள்ளப் பொட்டு. தொட்டா ரத்தம் வருது. இது புழுதானா, வேற ஏதாச்சுமா, நீயே சொல்லு."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

புழு என்றால் பெரும்பாலும் இரண்டு மூக்கும் அடைக்கும். ஒரே பக்கம், காம்போடு தொங்கும் சிவந்த சதை, மேலே வெள்ளைப் பொட்டு, தொட்டால் ரத்தம் என்றால் அது வேறு நோய். எங்கள் காலத்துப் புத்தகத்தில் அதைப் பூஞ்சை நோய்கள் பாடத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது அந்தக் கிருமி பூஞ்சையே இல்லை என்று இனம் மாற்றி வைத்திருக்கிறார்கள். பெயரும் இனமும் மாறுவது என் சான்றிதழோடு நிற்கவில்லை. எந்த இனமானால் என்ன, எந்தப் புழு ஊசிக்கும் அது அசையாது. மூக்குக்குள் கத்தியை விட்டு அந்தச் சதையை வெட்டி எடுத்து, அடியைச் சுட்டுவிட வேண்டும். திரும்ப வளர்ந்தாலும் வளரும், ஆனால் அன்றைக்கே மாடு மூச்சு விடும். பெரிய ஆஸ்பத்திரியில் அரை மணி நேர வேலை. அந்தப் பெண் அங்கேதான் கொண்டுபோகச் சொன்னாள். சளியைக் கண்ணாடியில் தடவி ஒரு தடவை பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அதைச் செய்யச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. வருடத்தில் ஒரு பருவம் முழுக்கப் பூஞ்சையை எண்ணுகிறவளுக்கு, குறட்டை என்றதும் தன் ஆராய்ச்சிப் புழு மட்டுமே தெரிந்திருக்கிறது.

நங்கை படித்தது ஏழாம் வகுப்பு. அவர் சொன்ன அந்த நாலு வரியை அப்படியே பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண் போடுவார்கள். மருந்து போலி, டாக்டர் சரியில்லை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

5

இதை நங்கையிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். அவர்களுக்குப் புழுவால் போன மாடு, எனக்கு ஒரு ரகசியம் என்று காலம் ஓடியிருக்கும். இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். போன செவ்வாய்க்கிழமை அந்த மின்னஞ்சலைப் படித்த பிறகு முடியவில்லை. பேசி முடிப்பதற்குள் மருந்து சொல்லிவிட்டார் என்ற அந்தப் பழைய வரி, அநியாயம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வரி, திரும்பத் திரும்ப வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் நங்கையைக் கூப்பிட்டேன்.

மாடு கழுவிக்கொண்டிருந்தார். நான் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நேராகச் சொன்னேன். உங்கள் செய்தியை நான் முழுசாகக் கேட்கவில்லை, செவலைக்கு வந்தது புழு இல்லை, வெட்டி எடுத்திருந்தால் பிழைத்திருக்கும், அந்த டாக்டர் பெண் சொன்னதுதான் சரி, கொன்றது நான்தான். சொல்லும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுபோல் இருந்தது.

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"நீ முழுசாக் கேக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அம்முணி," என்றார் நங்கை. "ஊசி பேரு அனுப்புனயல்ல, அதுல எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கேட்டிருந்தயின்னா நீ விசாரிக்காம இருக்க மாட்ட."

திட்டியிருக்கலாம். இது அதைவிட மோசமாக இருந்தது.

"தெரிஞ்சிருந்துமா அந்த ஊசியப் போட்டீங்க நங்கையா? எனக்கு இன்னொருக்கா சொல்லியிருக்கலாமல்லங்க?"

"எப்படிச் சொல்றது? நீ டாக்டரு. டாக்டருகிட்ட ரண்டாந்தரம் சொன்னா, உன்னைய நம்பலைன்னு ஆயிருமல்ல."

இந்த நாட்டில் ஒன்பது வருடமாக எந்தக் காகிதத்திலும் எனக்குக் கிடைக்காத சொல், டாக்டர். கிடைத்த இடத்தில் நான் அதை வைத்து என்ன செய்தேன் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே என் மேசையில் பதினெட்டு டப்பாக்கள் எண்ணப்படாமல் கிடந்தன. இடைவேளை முடிந்துவிட்டது என்று தெரியும். அதன் பிறகுதான், உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

நங்கை மழையிலிருந்து ஆரம்பித்தார்.